மெய்ன் கப்பலோடு கதை முடியவில்லை

1898 பிப்ரவரி 15 இரவு, ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் நின்றிருந்த அமெரிக்கப் போர்க்கப்பல் மெய்ன் வெடித்து மூழ்கியது. 260 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். காரணம் யாருக்கும் தெரியாது. ஆனால் இரண்டே நாளில் பத்திரிகை முதலாளி ஹர்ஸ்ட்டின் 'நியூயார்க் ஜர்னல்' இது எதிரியின் வேலை என்று முதல் பக்கத்தில் போட்டுவிட்டது. நீருக்கடியில் கண்ணிவெடி, அதிலிருந்து கரைக்கு ஓடும் கம்பி என்று படமே வரைந்திருந்தார்கள்! குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தால் 50,000 டாலர் பரிசு வேறு. ஏப்ரலில் ஸ்பெயினோடு போர் வந்தது. 1976இல் அட்மிரல் ரிக்கோவர் தலைமையில் ஆராய்ந்தவர்கள், கப்பலுக்குள் நிலக்கரிக் கிடங்கில் பிடித்த தீதான் பெரும்பாலும் காரணம் என்றார்கள்.

சரி, இதைப் பலரும் சொல்லிவிட்டார்கள். பத்திரிகைகள் மட்டுமே போரைக் கொண்டுவந்தன என்று நான் நம்பவில்லை. என்னை உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது.

போருக்கு முன்பு, கிளர்ச்சியை அடக்கக் கியூபாவில் ஸ்பானிய ஜெனரல் வெய்லர் கிராமத்து மக்களை முகாம்களில் அடைத்தார். பசியிலும் நோயிலும் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அமெரிக்கப் பத்திரிகைகள் அவரைக் கசாப்புக்காரன் என்று எழுதின. அது நியாயமான கோபம். அப்புறம் போரை முடித்த பாரிஸ் ஒப்பந்தத்தில் ஸ்பெயினுக்கு 2 கோடி டாலர் கொடுத்து, அதன் காலனியாக இருந்த பிலிப்பைன்ஸை அமெரிக்காவே வாங்கிக்கொண்டது. ஏற்கெனவே சுதந்திரம் அறிவித்திருந்த பிலிப்பினோக்களை யாரும் கேட்கவில்லை. 1899 பிப்ரவரியில் அவர்களோடு போர் மூண்டது. 1901 டிசம்பரில் பட்டாங்காஸ் மாகாணத்தில் அமெரிக்க ஜெனரல் பெல் செய்ததும் அதையேதான்: மக்களை ஊரைவிட்டுத் திரட்டி வேலிக்குள் வைத்தார். வெய்லருக்கு எதிராகப் பொங்கிய அந்தக் குரல் எங்கே போனது?

மணிலாவில் இருந்த அமெரிக்க நிருபர்கள் சிலரை நான் மதிக்கிறேன். அங்கே அமெரிக்கப் படைக்குத் தலைவராக இருந்த ஜெனரல் ஓட்டிஸின் தணிக்கை, தோல்விகளை மறைத்து நல்ல செய்தியை மட்டும் வெளியே விட்டது. 1899 ஜூலையில் அவர்கள் கூட்டாகக் கண்டனம் எழுதி, தணிக்கை எட்டாத ஹாங்காங்குக்கு அனுப்பி அங்கிருந்து தந்தி கொடுக்க வைத்தார்கள். ராணுவத்தின் தயவில் செய்தி சேகரித்துக்கொண்டே இதைச் செய்ய எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

1901 அக்டோபரில் பிலிப்பைன்ஸின் சாமார் தீவில் அமெரிக்க ஜெனரல் ஸ்மித், பத்து வயதுக்கு மேற்பட்டவர்களைக் கொல்லச் சொல்லி உத்தரவிட்டார். அது ஊருக்குத் தெரிந்தது ஆறு மாதம் கழித்து, ராணுவ நீதிமன்ற விசாரணையில். 1902 மே மாதம் அதே ஜர்னல் அதைக் கேலிச்சித்திரமாகப் போட்டது. சுடப்படக் காத்து நிற்கும் சிறுவர்கள் அதில் இருந்தார்கள். ஸ்மித்துக்குக் கிடைத்தது கண்டிப்பும் ஓய்வும். ஜூலை 4 அன்று அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் போர் முடிந்ததாக அறிவித்தார்.