ஏஜென்சி சொல்லும் தவணையில் கரையும் ஆறு மாதம்

திருகோணமலை சீனக்குடாப் பக்கம், கம்பனிகளுக்கு ஆள் அனுப்பும் மேன்பவர் ஏஜென்சி மூலம் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். வேலையிலிருந்து நிறுத்திவிட்டால் "அடுத்த மாதம் பார்ப்பம்" என்ற பேச்சை நம்பி இருந்துவிடாதீர்கள். வேலை நீக்க வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க, நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதம்தான் இருக்கிறது. ஏஜென்சிக்காரருக்கு அது நன்றாகத் தெரியும்.

கப்பல்துறை ஊர்த் தம்பி ஒருவன் வந்திருந்தான். மூன்று வருடமாக ஒரே களஞ்சியத்தில், ஒரே சூப்பர்வைசரின் கீழ் மூட்டை ஏற்றியவன். ஒருநாள் கேற்றில் பாஸை வாங்கி வைத்துக்கொண்டு, இனி வரவேண்டாம் என்றார்களாம். கம்பனியில் கேட்டால், "நீ எங்கட ஆள் இல்லை, ஏஜென்சியிட்டப் போ." அங்கே போனால், "கம்பனி வேண்டாமெண்டால் நாங்கள் என்ன செய்யிறது?" சம்பளச் சிட்டைகளில் மாதாமாதம் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) 8 வீதம் வெட்டியிருக்கிறது. கணக்கிலோ பல மாதங்களுக்குக் காசே இல்லை. பார்த்ததும் வயிறு எரிந்தது. அவன் முதுகொடியச் சுமந்த காசு அது!

தற்காலிக ஆளுக்கு ஈபிஎஃப் இல்லை என்பது பச்சைப் பொய். 1958ஆம் ஆண்டுச் சட்டம் நிரந்தரம், தற்காலிகம் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. தொழில் தருநர் தன் பங்காக 12 வீதமும், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் கட்டவேண்டும். ஈபிஎஃப் கட்டப் பிந்தினால் 50 வீதம் வரை மிகைக்கட்டணம். இதற்குத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள். ஆனால் அத்தோடு நின்றுவிடாமல், வேலை நீக்கத்துக்கு நியாய சபை விண்ணப்பத்தையும் ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துவிட்டோமே என்று பலர் பயப்படுகிறார்கள். அதில் என்ன எழுதியிருந்தாலும் நியாயமான நிவாரணம் தர நியாய சபைக்கு அதிகாரம் உண்டு. 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டமே அப்படிச் சொல்கிறது.

யார் முதலாளி என்று கண்டுபிடிக்கும் பாரத்தை மூட்டை சுமந்தவன் தலையில் ஏற்றுவது அநியாயம். வேலை வாங்கிய கம்பனியும் சம்பளம் கொடுத்த ஏஜென்சியும் சேர்ந்தே பொறுப்பு என்று சட்டம் நேராகச் சொல்லவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை விண்ணப்பத்தில் இரண்டு பேரையும் எதிராளிகளாகப் போடுங்கள்.

பாஸை இன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள். வேலைக்கு வரச்சொல்லி சூப்பர்வைசர் அனுப்பிய வட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். "கணக்கெல்லாம் தீர்ந்தது" என்ற கடிதத்தை நீட்டினால், வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். விண்ணப்பம் நிரப்ப உதவி தேவையென்றால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். நிறுத்திய திகதியை முதலில் சொல்லுங்கள்.