1320 திருகுகள்: கிரீன்லாந்துக்குப் போன டிஷ்ஷின் கணக்கு

கிரேனில் வானொலித் தொலைநோக்கியின் வெள்ளை டிஷ் தொங்கும் படம் வந்தாலே கீழே ஒருவர் எழுதிவிடுவார்: "சும்மா கிடந்த தொலைநோக்கியைத் தூக்கி வேறு இடத்தில் வைத்துவிட்டார்கள், புதுசு கட்டும் செலவு மிச்சம்." தூக்குவது இதில் சின்ன வேலை. செலவு மிச்சம் என்பதும் பாதி உண்மைதான்.

கிரீன்லாந்து தொலைநோக்கியைப் பாருங்கள். சிலியில் உள்ள ஆல்மா என்ற வானொலித் தொலைநோக்கிக் கூட்டத்துக்காகச் செய்து பார்த்த 12 மீட்டர் மாதிரி டிஷ் அது. நியூ மெக்சிகோவில் நின்றது. 2011-இல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை அதை ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகத்துக்குக் கொடுத்தது. தைவானின் ஆய்வு நிறுவனமான அகாடமியா சினிகா கூட்டுச் சேர்ந்தது. பிரித்து, வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் கப்பலேற்றி, 2016 கோடையில் வடமேற்கு கிரீன்லாந்தில் உள்ள அமெரிக்க ராணுவத் தளமான தூலேவுக்கு (2023 முதல் பெயர் பிடுஃபிக்) அனுப்பினார்கள். முதல் சமிக்ஞை 2017 டிசம்பரில். ஆறு வருஷத்துக்கு மேல். கப்பல் பயணம் அதில் ஒரு துளி.

மீதி நாளெல்லாம் எங்கே போனது? பெரும்பகுதி இரண்டு இடத்தில்: குளிர், டிஷ்ஷின் பரப்பு.

ஆல்மாவின் இடம் வறண்ட உயர்மலை. தூலேயில் குளிர்காலத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழே 30 டிகிரி சாதாரணம். சாதா கிரீஸ் அங்கே மெழுகு மாதிரி இறுகி, பேரிங்கைச் சுழற்றும் மோட்டார் திணறும். சாதா இரும்பு நொறுங்கும் குணம் பெறும். பேனலில் உறைபனி படியும், அதற்கு ஹீட்டர் வேண்டும். அடித்தளத்தின் கீழே உறைந்த மண். மேலிருந்து சூடு இறங்கினால் இளகி ஒரு பக்கம் அமுங்கும். பழைய டிஷ்ஷில் இதையெல்லாம் மாற்றிக்கொண்டே போனால் எது பழசு, எது புதுசு? இன்னொன்று, கப்பல் வழி திறப்பது கோடையில் மட்டும். ஒரு பெட்டி விட்டுப்போனால் விமானத்தில் வரவேண்டும், இல்லை அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டும்.

அடுத்தது பரப்பு. இந்த டிஷ்ஷில் 264 அலுமினியப் பேனல்கள், எட்டு வளையங்களாக. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஐந்து சரிசெய் திருகுகள், மொத்தம் 1320. பிரித்துச் சேர்த்ததும் பழைய அளவு ஒன்றும் நிலைக்காது. முதலில் பல கோணங்களில் படமெடுத்துக் கணக்கிட்டுக் கரடுமுரடைக் குறைப்பார்கள். பிறகு ஹோலோகிராபி: தூரத்தில் ஒரு டிரான்ஸ்மிட்டர், அதை டிஷ்ஷால் அங்குலம் அங்குலமாக வருடினால் எந்தப் பேனல் மேடு, எது பள்ளம் என்று வரைபடம் கிடைக்கும். திருகைக் கொஞ்சூண்டு திருப்பு, மறுபடி அள. ஒரு பக்கம் வெயில் அடித்தால் அன்றைய அளவு வீண்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு? பரப்பின் பிழை சராசரியாக 25 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 25 பங்கு) என்றால், 1.3 மில்லிமீட்டர் அலையில் டிஷ் பிடிக்கும் சமிக்ஞையில் அதனால் போவது 6 விழுக்காடுதான். அதுவே 100 மைக்ரான் ஆனால் 61 விழுக்காடு போய்விடும். 12 மீட்டர் டிஷ்ஷைக் கொண்டுபோய் 7, 8 மீட்டர் டிஷ்ஷாக நிறுத்திய கதை.

நம் நாட்டுக்கும் டிஷ்கள் கப்பலில் வந்திருக்கின்றன. சிட்னியின் பாட்ஸ் ஹில்லில் இருந்த 1.8 மீட்டர் டிஷ்கள் 32, மும்பை அருகே கல்யாணில் 1965-இல் நின்றன. அவை வேலை செய்தது அரை மீட்டர் அலையில்; வழியில் சின்ன நசுங்கல் பட்டாலும் பாதகமில்லை. அந்த நினைப்பில் மில்லிமீட்டர் தொலைநோக்கியைத் தொடக்கூடாது.

பிரிக்காமலே கொண்டுபோகலாமே என்றால், ஆல்மா அப்படித்தான் செய்கிறது. 2900 மீட்டர் உயரத்திலிருந்து 5000 மீட்டருக்கு, 28 கிலோமீட்டர் சாலையில், சுமார் 100 டன் டிஷ்ஷை 28 சக்கர வண்டி தூக்கிப்போகும். வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர். வண்டியின் ஜெனரேட்டரே டிஷ்ஷுக்கு மின்சாரம் கொடுப்பதால், கடுங்குளிரில் வைத்திருக்க வேண்டிய ரிசீவர் (சமிக்ஞை வாங்கும் கருவி) வழியில் சூடேறாது. சூடேறினால் மறுபடி குளிர்விக்கவே நாளாகும். ஆனால் அந்த வண்டிக்கென்றே அகலமான சாலையும், டிஷ் உட்கார 192 காங்கிரீட் மேடைகளும் கட்டினார்கள். 66 டிஷ்களுக்கு அது கட்டுப்படியாகும். ஒற்றை டிஷ்ஷுக்கு யார் அப்படிச் செலவு செய்வார்கள்?

கிரீன்லாந்து டிஷ் 2018 ஏப்ரலில் எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் கருந்துளையை நோக்கும் பணியில் சேர்ந்தது. செலவு வீண் என்று யாரும் சொல்ல முடியாது. நான் சொல்வது, திட்ட அறிக்கையில் "இடமாற்றம்" என்று ஒரே வரி போடாதீர்கள் என்பதுதான். ஹோலோகிராபிக்கும், டிஷ் வானத்தில் சரியான இடத்தைப் பார்க்கச் செய்யும் குறிதிருத்தத்துக்கும் தனித்தனி வரி, தனித்தனி மாதங்கள் வேண்டும்.

இதே டிஷ்ஷை இன்னொரு முறை பிரித்து, கிரீன்லாந்துப் பனித்தளத்தின் 3200 மீட்டர் உயர உச்சிக்கு ஏற்றும் திட்டம் இருக்கிறது. அங்கே எட்டும் ஆழத்தில் பாறை இல்லை. பனி அமுங்கும், நகரும். டிஷ் நிற்கும் இடத்தையே அவ்வப்போது புதிதாக அளக்க வேண்டியிருக்கும்.