ஆயா ஒரு படமும் பார்த்ததில்லை

போன சனிக்கிழமை ராத்திரி அம்மாவோடு உட்கார்ந்து 'குவோ வாடிஸ், ஐடா?' பார்த்தேன். யாஸ்மிலா ஸ்பானிச் இயக்கி 2020-இல் வந்த பொஸ்னியப் படம். 1995-இல் ஸ்ரெப்ரெனிட்சா என்ற பொஸ்னிய ஊரில் நடந்த படுகொலையில் புருஷனையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த ஐடா என்ற டீச்சரின் கதை. அம்மாவால் சப்டைட்டில் ஓடுகிற வேகத்துக்குப் படிக்க முடியாது, நான்தான் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசிப் பகுதியில் ஐடா பல வருஷம் கழித்துத் தன் பழைய வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். உள்ளே வேறொரு குடும்பம் குடியிருக்கிறது. தன் வீட்டு வாசலிலேயே அவள் நிற்கிறாள். அதுவரை பேசாமல் இருந்த அம்மா, "எங்க ஆயா இப்படித்தான் நிக்கும்" என்றார். அப்புறம் ஒரு பெரிய கூடத்தில் எலும்புகளும் துணிகளும் வரிசை வரிசையாகப் பரப்பியிருக்க, பெண்கள் அவற்றைப் பார்த்துக்கொண்டே நடக்கிற காட்சி வந்தது. "இந்தப் பொம்பளைக்கு எலும்பாச்சும் கெடச்சுதே" என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

நாலு நாளாக அந்த ஒரு வரி என்னை விடவில்லை.

ஆயா என்றால் அம்மாவின் பாட்டி. இங்கே மலேசியாவில், பினாங்குப் பெருநிலத்தில், சுங்கை பாக்காப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். 1943-இல், அப்போது மலாயாவைப் பிடித்து வைத்திருந்த ஜப்பான்காரர்கள், சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ரயில் பாதை போட அவர் புருஷனைக் கொண்டுபோனார்கள். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று ஆட்களைக் கூப்பிட்டு, கொட்டகைக் கதவைச் சாத்தி, அப்படியே லாரியில் ஏற்றினார்கள் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். சின்ன வயதில் நான் இதை நம்பவில்லை. யாரோ கட்டிவிட்ட கதை என்று நினைத்தேன். வளர்ந்த பிறகு அந்தக் காலத்தைப் பற்றி வாசித்தபோதுதான், மலாயாவில் இதே மாதிரி படம் காட்டுவதாகச் சொல்லி ஆள் பிடித்த பதிவுகள் இருப்பது தெரிந்தது.

அந்த மரண ரயில் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். அதில் வேலை செய்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர், செத்தவர்கள் 12,000-க்கும் மேல். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அவர்களுக்காகப் பராமரிக்கப்படும் கல்லறைத் தோட்டத்தில் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள் இருக்கின்றன. ஆசியத் தொழிலாளர்களில் 90,000 பேர் வரை செத்திருக்கலாம் என்கிறார்கள். எங்கள் தோட்டத்து ஆட்கள் இந்த 'இருக்கலாம்' என்ற சொல்லுக்குள்தான் கிடக்கிறார்கள்.

இது இனப்படுகொலையா என்று சிலர் கேட்கலாம். 1948 ஐ.நா. உடன்படிக்கைப்படி, ஓர் இனத்தை அழிக்கும் நோக்கம் இருந்ததா என்பதுதான் கேள்வி. அந்த அளவுகோலில் சயாம் ரயிலுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. எனக்கும் தெரியும். ஸ்ரெப்ரெனிட்சாவில் நடந்தது இனப்படுகொலை என்று சர்வதேச நீதிமன்றமே 2007-இல் சொல்லிவிட்டது. நான் இரண்டையும் ஒன்றாக்கவில்லை. ஆள் திரும்பி வராத வீட்டில் என்ன நடக்கிறது என்பதைத்தான் பேசுகிறேன்.

போர்ப் படங்கள் பெரும்பாலும் அங்கே வருவதே இல்லை. எங்கள் ரயிலைப் பற்றி உலகமே பார்த்த படம் 1957-இல் வந்தது. குவாய் நதிப் பாலத்தைப் பற்றிய அந்தப் படத்துக்கு ஏழு ஆஸ்கார் விருதுகள். இலங்கையில் போய் எடுத்தார்கள். அதில் தமிழ்த் தொழிலாளி ஒருவர்கூட இல்லை. பாலத்தைக் கட்டியவர்கள், வெடி வைத்தவர்கள், அவர்களுடைய மானம், பிடிவாதம் எல்லாம் இருக்கிறது. அந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்த அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

சரி, நல்ல எண்ணத்தோடு எடுத்த படங்களை எடுத்துக்கொள்வோம். 'ஹோட்டல் ருவாண்டா' 2004-இல் வந்திருக்காவிட்டால், 1994-இல் நூறு நாளில் சுமார் 800,000 பேர் கொல்லப்பட்டதை என்னைப் போன்றவர்கள் அறிந்திருக்கவே மாட்டோம். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் அது தப்பித்த ஒரு குடும்பம் பஸ்ஸை நோக்கி நடப்பதோடு முடிகிறது. பார்க்கிற நமக்கு மூச்சு வந்துவிடுகிறது. அதே தெருவில் ஒருவரும் மிஞ்சாத வீடுகளைப் பற்றி நினைக்காமலே எழுந்து போய்விடுகிறோம்.

கம்போடியாவைப் பற்றிய 'தி கில்லிங் ஃபீல்ட்ஸ்' (1984) படத்தில் நடித்த ஹாய்ங் நோர் நிஜ வாழ்க்கையில் ஒரு மருத்துவர், அதுவும் பிரசவ மருத்துவர். கம்போடியாவை அப்போது ஆண்ட கெமர் ரூஜ் இயக்கத்தின் காலத்தில் படித்தவன் என்று தெரிந்தால் கொன்றுவிடுவார்கள் என்பதால் தொழிலை மறைத்தே வாழ்ந்தார். அவருடைய மனைவி பிரசவத்தில் இறந்தபோது, கருவிகள் இல்லாமல், தான் யார் என்று காட்டிக்கொள்ளவும் முடியாமல் பக்கத்திலேயே இருந்தார். அந்தப் படத்தில் நடித்ததற்கு அவருக்கு ஆஸ்கார் கொடுத்தார்கள். ஆனால் படத்தின் கதையோ அமெரிக்கப் பத்திரிகையாளருக்கும் அவருடைய கம்போடிய நண்பருக்கும் இடையிலான நட்பைப் பற்றியது. திரையில் நாம் பார்க்கும் அந்த முகத்துக்குப் பின்னால் இருந்த குடும்பக் கதை திரைக்கு வரவே இல்லை. எனக்கு அந்த மனைவியைப் பற்றிய படம்தான் வேண்டும்.

ரத்தத்தைக் காட்டலாமா கூடாதா என்றும் ஒரு வாக்குவாதம் எப்போதும் ஓடும். காட்டினால்தான் உலகம் நம்பும் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். சில வருஷங்களுக்கு முன் கோலாலம்பூரில் ஒரு மே மாத நினைவுக் கூட்டத்துக்குப் போனேன். 2009-இல் முள்ளிவாய்க்காலில் எடுத்த காட்சிகளைத் திரையில் போட்டார்கள். ஓர் ஈழத்து அக்கா பாதியில் எழுந்து வெளியே போனார். தாங்க முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவர் சொன்னார்: "பயமில்லை தங்கச்சி. எங்க போட்டாலும் போய்ப் பாக்கிறனான். என்ர தம்பி அதுக்குள்ள கிடக்கிறானோ எண்டு ஒவ்வொரு முகமாத் தேடித் தேடிக் களைச்சுப் போனன்."

நாங்கள் சாட்சியம் என்று பார்த்த அதே காட்சியில் அவர் தம்பியைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். பிணங்களைக் காட்டுகிற எவருக்கும், பார்க்கிற கூட்டத்தில் இப்படி ஓர் அக்கா இருப்பார் என்கிற நினைப்பு வேண்டும். ஆனால் அந்தப் படங்களையே போடக்கூடாது என்று தடுப்பதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். 2013-இல் கோலாலம்பூரில், இலங்கைப் போரின் கடைசி மாதங்களைப் பற்றிய 'நோ ஃபயர் ஸோன்' ஆவணப்படத்தைத் திரையிட்டதற்காக மனித உரிமைச் செயற்பாட்டாளர் ஒருவர் மேல் வழக்குப் போட்டு, 2017-இல் 10,000 ரிங்கிட் அபராதம் விதித்தார்கள். தணிக்கைச் சான்றிதழ் வாங்கவில்லை என்பதுதான் குற்றம். அந்த அக்காவுக்குத் தம்பியின் முகம் கிடைக்கலாம் என்ற ஒரே இடத்தையும் மூடிவிட்டு யாருக்கு என்ன பாதுகாப்பு?

ஐடாவின் கதையை ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறேன் என்றால், அது 1995 ஜூலையோடு நிற்கவில்லை. 8,000-க்கும் மேற்பட்ட ஆண்களையும் பையன்களையும் கொன்றதை அது ஒரு மண்டபத்துக்கு வெளியே கேட்கும் துப்பாக்கிச் சத்தத்தோடு விட்டுவிடுகிறது. அப்புறம் அவள் திரும்பி வருகிறாள், பழையபடி அதே ஊரில் டீச்சர் வேலைக்குப் போகிறாள், கொன்றவர்கள் பெற்றோராக வந்து உட்கார்ந்திருக்கும் பள்ளி விழாவில் நிற்கிறாள். அந்தப் பத்து நிமிஷம்தான் எங்கள் ஆயாவின் முப்பது வருஷம்.

ஆயா கடைசிவரை பொட்டை அழிக்கவில்லை. செத்தார் என்று யாரும் வந்து சொல்லவில்லையே, எப்படி அழிப்பது? திதி தெரியாதவர்களுக்கென்றே மகாளய அமாவாசை இருக்கிறது என்று பூசாரி எடுத்துச் சொன்னாராம். ஆயா ஒத்துக்கொள்ளவில்லை. படையல் போட்டால் தானே அவரைக் கொன்ற மாதிரி ஆகிவிடும் என்று சொன்னாராம். தோட்டத்தில் கல்யாணம் என்றால் சங்கடம். சுமங்கலி என்று உள்ளே கூப்பிடுவதா, வேண்டாமா? யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவராகவே வாசலோடு நின்றுகொள்வாராம். வெற்றிலைத் தட்டை அங்கேயே கொண்டுவந்து நீட்டுவார்களாம். அம்மா சொன்ன 'இப்படித்தான் நிக்கும்' அதுதான்.

மகள், அதாவது என் பாட்டி, ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் புல் வெட்டப் போனார். எழுதப் படிக்கத் தெரியாமலே செத்தார். அவரிடமிருந்து அம்மாவுக்கு, யாராவது வீடு திரும்ப நேரமானால் கதவைத் தாழ்ப்பாள் போடாத பழக்கம் வந்தது. எனக்கும் அது உண்டு. போன வாரம் வரை அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது.

மாதத்துக்கு ஒருநாள் தோட்டத்துத் திடலில் திரை கட்டி எம்.ஜி.ஆர்., சிவாஜி படம் போடுவார்கள். லயமே, அதாவது தோட்டத்து வரிசை வீடுகள் எல்லாமே, பாய் தூக்கிக்கொண்டு ஓடும். ஆயா மட்டும் விளக்கை அணைத்துவிட்டு, பேரப்பிள்ளைகளில் கையில் அகப்பட்டவர்களைப் பிடித்து உள்ளே உட்கார வைத்துவிடுவாராம். அம்மா அழுதுகொண்டே வீட்டுக்குள்ளிருந்து பாட்டுச் சத்தத்தை மட்டும் கேட்டிருக்கிறார்.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் இருந்தால், அவர் பெயர், தோட்டத்தின் பெயர், போகும்போது என்ன வயது, இவ்வளவு மட்டும் கீழே எழுதுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் இன்றைக்கே கேளுங்கள், ஞாபகம் இருக்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். நீங்கள் எழுதுவதை அம்மா வாசித்துக்காட்டச் சொல்லியிருக்கிறார். கண் மங்கலாக இருக்கிறது, அதனால் சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு நான்தான் வாசிக்கப் போகிறேன்.