பள்ளி விட்டு வந்த முதல் ஒரு மணி நேரம்

கடலூரானாலும் புதுச்சேரியானாலும், அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடுகளில் ஸ்கூல் வாசலில் காத்து நிற்பது பெரும்பாலும் தாத்தாவோ ஆயாவோதான். இந்தப் பதிவு அவர்களுக்கு. பேரனுக்கு ஆட்டிசமாக (மற்றவர்களோடு பேசிப் பழகுவதிலும், சத்தம், தொடுதல் போன்றவற்றை உணர்வதிலும் வேறுபடும் மூளை வளர்ச்சி நிலை) இருக்குமோ என்ற சந்தேகம் இருக்கிறது, யாரும் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை, ஸ்கூலிலிருந்து புகார் மட்டும் வந்தபடி இருக்கிறது என்றால், முதல் வேலையாகச் சாயங்கால டியூஷனை நிறுத்தச் சொல்லுங்கள்.

"ஏற்கெனவே படிப்புல பின்தங்கியிருக்கான், அதையும் நிறுத்தறதா?" என்பார்கள். ஆமாம், நிறுத்தத்தான் வேண்டும். பிரேயர் மைக், மணிச்சத்தம், வகுப்பு இரைச்சல், கழுத்தில் உறுத்தும் சட்டை லேபிள், கழிப்பறை வாடை என்று நாள் முழுக்கப் பல்லைக் கடித்துத் தாங்கிவிட்டு வருகிறான். "இங்க சமர்த்தாதான் இருக்கான்" என்பார் மிஸ். வீட்டுப் படி ஏறியதும் பையை வீசிவிட்டுக் கத்துவான். அதற்குக் காரணம் நீங்கள் கொடுத்த செல்லம் இல்லை. அங்கே அடக்கி வைத்ததை இங்கே பயமில்லாமல் கொட்டுகிறான். பெண் பிள்ளைகள் பக்கத்திலிருப்பவரைப் பார்த்து அப்படியே செய்து சமாளித்துவிடுவதால் பலருக்குச் சந்தேகமே வருவதில்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் "இன்னிக்கு என்ன நடத்துனாங்க?" என்று கேட்காதீர்கள். உடை மாற்றம், தினமும் அதே தின்பண்டம், டிவி ஓடாத அறை, இது போதும். "கை கால் கழுவிட்டு டிரெஸ் மாத்திட்டு வந்து சாப்பிடு" என்றால் அது மூன்று வேலை. "கை கழுவு" என்று மட்டும் சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அதற்குள் திரும்பச் சொன்னால் அவன் முதலிலிருந்து யோசிக்க வேண்டிவரும். "கண்ணைப் பார்த்துப் பேசு" என்றும் வற்புறுத்தாதீர்கள். கண்ணைப் பார்த்துக்கொண்டே காதில் வாங்குவது பல பிள்ளைகளுக்கு முடியாத காரியம். கத்தி உருளும்போது புத்திமதி வேண்டாம். இடிக்கக்கூடிய பொருளை நகர்த்தி, விளக்கை அணைத்துவிட்டு, தொடாமல் கிட்டே உட்காருங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் இன்னொரு சிக்கல். யூனிஃபார்ம் போட்டு நிற்கும்போது மழை லீவு என்று அறிவிப்பு வரும். மற்ற பிள்ளைகள் குதிப்பார்கள், இவன் அழுவான். அன்றைய வேலைகளைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டும்போதே 'மழை லீவு' என்று ஓர் அட்டையும் செய்து வையுங்கள். லீவு வந்தால் ஸ்கூல் படத்தின் மேல் அவன் கையாலேயே ஒட்டட்டும்.

ஒரு நோட்டுப் போடுங்கள். நேரம், அதற்கு முன்னால் நடந்தது, அவன் செய்தது, எப்போது அடங்கியது. "அடம் பிடித்தான்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "4.20, பக்கத்து வீட்டில் டிரில் சத்தம், காதைப் பொத்திக்கொண்டு 15 நிமிடம் அழுதான்" என்று எழுதுங்கள். இரண்டு வாரத்தில் எது தூண்டுகிறது என்று ஓரளவு பிடிபடும். மருமகளிடம் "உன் புள்ளைக்கு ஏதோ இருக்கு" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முறியும்; நோட்டைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

முதலில் காது சரியாகக் கேட்கிறதா என்று பரிசோதனை. அடுத்து, கடலூர்க்காரர்கள் அரசு தலைமை மருத்துவமனையிலும் புதுச்சேரிக்காரர்கள் ஜிப்மரிலும் விசாரிக்கலாம். ஈசிஆரில் சென்னைப் பக்கம் போனால் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிறுவனமும் இருக்கிறது. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக ஆட்டிசத்தை அளக்கும் இந்திய அளவுகோலில் (ISAA) 40 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70க்குக் கீழே என்றால் ஆட்டிசம் என்று கணக்கில் எடுப்பதில்லை. அப்போதும் அவன் திணறல் பொய்யாகிவிடாது. கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு, கற்றல் குறைபாடும் உண்டு.

ஸ்கூலில் "கொஞ்சம் பார்த்துக்கோங்க மிஸ்" என்று கேட்டால் ஒன்றும் நடக்காது. ஜன்னலிலிருந்து தள்ளி முன்வரிசை ஓரத்தில் இடம், பிரேயரில் ஸ்பீக்கருக்குத் தூரமாக நிற்க அனுமதி, போர்டில் உள்ளதில் பாதி எழுதினால் போதும், இன்டர்வெல்லில் தனியாகத் திரியாமல் நூலகத்தில் ஒரு வேலை என்று நான்கையும் கடிதமாகக் கொடுங்கள். இதற்குச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பொதுத்தேர்வுச் சலுகைக்குத்தான் அது கட்டாயம். சிபிஎஸ்இயில் 3 மணி நேரத் தேர்வுக்கு 1 மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். கடிதத்தில் அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போடட்டும். நகலில் ஸ்கூல் முத்திரையும் தேதியும் வாங்கி, அந்த நோட்டிலேயே ஒட்டி வையுங்கள்.