தோலில் பூசினால் சரி, மூக்கில் ஏற்றினால்?

நவம்பர் வந்தால் மெல்பர்னில் குதிரைப் பந்தய வாரம். அதற்கு முந்தைய சில நாட்கள் அழகு நிலையங்களில் இடமே கிடைக்காது. எல்லாம் ஸ்ப்ரே டேன் அடித்துக்கொள்ளத்தான். வெளுத்த தோலைப் பழுப்பாக்க இவர்கள் காசு கொடுப்பதைப் பார்த்து நம்மவர்கள் அடிக்கும் கேலி தெரிந்ததுதான். ஃபேர்னஸ் கிரீமுக்கு நாம் அழுத காசை எண்ணிப் பார்த்தால் கேலி பாதியில் நின்றுவிடும். அது கிடக்கட்டும்.

இந்த விஷயத்தில் இரண்டு கட்சி இருக்கிறது. "எல்லாம் கெமிக்கல், பூசினால் கேன்சர் வரும்" என்பது ஒன்று. "டேன் ஏறிவிட்டால் வெயில் ஒன்றும் செய்யாது" என்பது இன்னொன்று. இரண்டுமே தப்பு. ஆனால் எனக்குப் பயம் இரண்டாவது கட்சியின் மேல்தான்.

பாட்டிலுக்குள் இருப்பது டைஹைட்ராக்ஸிஅசிட்டோன், சுருக்கமாக டிஹெச்ஏ. மூன்றே கார்பன் கொண்ட ஒரு சர்க்கரை. தோலின் மேலடுக்கில் உள்ள இறந்த செல்களின் புரதத்தோடு சேர்ந்து அது பழுப்பாகிறது. கல்லில் தோசை முறுகிச் சிவப்பதும் இதே வகை வினைதான். பூசிய சில மணி நேரத்தில் மெலிதாக பிஸ்கட் வாடை அடிப்பதற்கும் அதுவே காரணம். இதைக் கண்டுபிடித்த கதையும் சுவையானது. 1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஈவா விட்கென்ஸ்டீன் என்ற ஆய்வாளர், உடல் சர்க்கரையைச் சேமித்து வைக்கும் கிளைக்கோஜனில் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு இதை வாய்வழியாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். குழந்தைகள் துப்பியது, சிந்தியது பட்ட தோலெல்லாம் பழுப்பாகியது; துணியில் கறையே இல்லை. 1960இல் காப்பர்டோன் நிறுவனம் இதை லோஷனாகவே விற்க ஆரம்பித்துவிட்டது.

நிறம் ஏறுவது இறந்த செல்களில் என்பதால் அவை உதிர உதிர நிறமும் போய்விடும். ஒரு வாரம் தாங்கினால் பெரிது. முட்டியும் முழங்கையும் மட்டும் ஆரஞ்சாகத் தெரிவதற்குக் காரணம், அங்கே அந்த அடுக்கு தடிமன் என்பதுதான். காயமில்லாத தோலில் பூசினால் உள்ளே போவது மிகச் சொற்பம். பூசியதால் மனிதருக்குப் புற்றுநோய் வந்ததாகக் காட்டும் சான்று இல்லை. அமெரிக்காவில் 1970களிலிருந்தே வெளிப்பூச்சுக்கு அனுமதி உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 10 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அரிப்பு, தடிப்பு வந்தால் பெரும்பாலும் அதில் கலந்த வாசனைப் பொருளோ பதப்படுத்தியோதான் காரணம். முதல் நாளே முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவிப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். வெயிலில் காரில் கிடந்த பழைய பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். டிஹெச்ஏ சிதைந்தால் ஃபார்மால்டிஹைடு உண்டாகும்.

இதுவரை சரி. அதே திரவத்தை ஸ்ப்ரே துப்பாக்கியில் ஏற்றிப் பனிபோல் அடிக்கும்போதுதான் கணக்கு மாறுகிறது. அமெரிக்க அனுமதியே வெளிப்பூச்சுக்கு மட்டும்தான். உதட்டில், கண்ணைச் சுற்றி, மூக்கு வாய்க்குள் படக் கூடாது. அடித்துக்கொள்பவருக்கு மூக்கு அடைப்பான், கண் மூடி, உதட்டுக்குத் தைலம் எல்லாம் தர வேண்டும். என் சித்தி மகள் படிப்புச் செலவுக்காகச் சனிக்கிழமைகளில் இங்கே ஓர் அழகு நிலையத்தில் இந்த வேலைதான் பார்க்கிறாள். வாடிக்கையாளருக்குப் பத்து நிமிடம். அவளுக்கு நாள் முழுக்க. "மாஸ்க் போட்டால் கஸ்டமர் பயந்துபோவார்கள் அண்ணா" என்று முதலாளி சொன்னதையே என்னிடம் திருப்பிச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. நுரையீரலுக்குள் போகலாம் என்று அமெரிக்காவில் அனுமதி கொடுக்காத பொருள் அது. உறிஞ்சு விசிறி இல்லாத அறையில் அந்த வேலையைச் செய்யச் சொல்வது அநியாயம். பார்ட் டைம் வேலைக்கு வந்த நம் பிள்ளைகள் நிறையப் பேர் இதில் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்புறம் வெயில். டிஹெச்ஏ தரும் பழுப்புக்கும், தோலுக்கு இயற்கையாக நிறம் தரும் மெலனினுக்கும் சம்பந்தமே இல்லை. அது தரும் பாதுகாப்பு, சன்ஸ்கிரீனை அளக்கும் எஸ்பிஎஃப் கணக்கில் அதிகபட்சம் மூன்று, நான்கு. அதுவும் சில மணி நேரம்தான். டிஹெச்ஏ பூசிய தோல் மாதிரிகளில் புற ஊதாக் கதிர் பட்டபோது செல்களைச் சேதப்படுத்தும் ஃப்ரீ ராடிக்கல்கள் வழக்கத்தைவிட அதிகமாக உண்டானதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். அதனால் பூசிய முதல் ஒரு நாள் வெயிலைத் தவிர்ப்பது நல்லது. கிரீமைப் பூசிக்கொண்டு சன்ஸ்கிரீன் இல்லாமல் கடற்கரையில் படுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. 70 வயதுக்குள் மூன்றில் இரண்டு பேருக்குத் தோல் புற்றுநோய் வரும் நாடு இது.

இதே ஊரில் கிளேர் ஆலிவர் என்ற பெண் 2007இல் 26 வயதில் மெலனோமா என்ற கொடிய தோல் புற்றுநோயால் இறந்தார். சாகும் தறுவாயிலும், புற ஊதா விளக்குப் படுக்கையில் படுத்துத் தோலைப் பழுப்பாக்கும் சோலாரியத்துக்கு எதிராகப் பேசிவிட்டுப் போனார். 2009இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சோலாரியப் படுக்கைகளைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் வைத்தது. 2016 தொடங்குவதற்குள் ஆஸ்திரேலிய மாநிலங்கள் காசுக்கு சோலாரியம் நடத்துவதையே தடை செய்துவிட்டன. அந்தப் படுக்கைக்கும் பாட்டிலுக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் யோசிக்காமல் பாட்டில் என்பேன்.

ஆனால் இப்போது மூன்றாவதாக ஒன்று இன்ஸ்டாகிராமில் விற்கிறது. மெலனோடன் 2. ஊசியாகவும் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாகவும் வருகிறது. இதுவும் "டேன்" என்ற பெயரில்தான் விற்கிறது, ஆனால் தோலின் மேல் நிற்கும் சமாச்சாரம் இல்லை. ரத்தத்தில் கலந்து, ஹார்மோன் போலவே மெலனின் செல்களைத் தூண்டிவிடும் செயற்கைப் பொருள். பக்க விளைவுகள்: குமட்டல், முகம் சிவத்தல், மச்சங்கள் கருத்துப்போதல், புதிதாக மச்சம் முளைத்தல், ஆண்களுக்கு மணிக்கணக்கில் அடங்காத விறைப்பு. மச்சம் மாறுவதை வைத்துத்தான் மெலனோமாவையே சந்தேகிக்கிறார்கள்; இருக்கிற எல்லா மச்சமும் ஒன்றாக மாறினால் மருத்துவர் எதைப் பார்ப்பார்? இதன் உறவான அஃபமெலனோடைடு, வெயில் பட்டாலே துடிக்கும் ஓர் அரிய நோய்க்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற மருந்துதான். அதைக் காட்டி இதை விற்கிறார்கள். அது மருத்துவர் வைக்கும் இம்ப்ளான்ட். இது யார் எங்கே கலக்கினார்கள் என்றே தெரியாத குப்பி.

ஏற்கெனவே மெலனோடன் அடித்துக்கொண்டவர்கள் நிறுத்திவிட்டு, தோல் மருத்துவரிடம் போய் மச்சங்களைக் காட்டுங்கள். என்ன அடித்தீர்கள், எத்தனை நாள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும்.