பூச்சு இருந்தால் பிஸ்டன் உடையாதா?
'பிஸ்டன் தலையில் செராமிக் பூச்சு கொடுத்துவிட்டால் எவ்வளவு பவர் ஏற்றினாலும் பிஸ்டன் தாங்கும்' என்று கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. ஜிஎம் நிறுவனத்தின் டியூராமேக்ஸ் 6.6 லிட்டர் டீசல் இன்ஜினில் எல்பிஇசட், எல்எம்எம் ரகப் பிஸ்டன்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பவர் ஏற்றும்போது அவை, கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின் (pin) செருகும் துளைக்கு நேர் மேலே, நடுக்கோட்டில் விரிசல் விடுவது தெரிந்த கதை. அது சிலிண்டர் அழுத்தம் செய்யும் வேலை; வெப்பத்தைத் தடுக்கும் பூச்சுக்கு அங்கே வேலையே இல்லை, பிஸ்டனையே மாற்ற வேண்டும். பூச்சு உதவுவது, பிஸ்டன் தலையில் எரிபொருள் எரியும் குழியான கிண்ணத்தின் விளிம்பு வெந்துபோகாமல் காக்க. அதற்கும் முன்வேலை உண்டு. அலுமினியம் விரிவதில் பாதி அளவுதான் பூச்சில் உள்ள சிர்கோனியா என்ற செராமிக் விரியும், அதனால் கூர்மையான விளிம்பில் பூச்சு முதலில் உரியும். விளிம்பை மழுக்கி வளைத்த பிறகே மணல் அடித்து, நிக்கல் கலந்த அடிப்பூச்சு கொடுத்து, அதன்மேல் சிர்கோனியா ஏற்ற வேண்டும். பூசும்போது ரிங் பள்ளமும் பின் (pin) துளையும் பூச்சு படாமல் கட்டாயம் மூடியிருக்க வேண்டும். மழுக்கினால் கம்ப்ரஷன் கொஞ்சம் இறங்கும். எல்லாக் கிண்ணங்களையும் பியூரெட் (அளவுக் குறியிட்ட கண்ணாடிக் குழாய்) வைத்துக் கொள்ளளவை அளந்து சமப்படுத்துங்கள். உரிந்த செராமிக் துகள் உப்புத்தாள் மாதிரி, சிலிண்டரின் உட்சுவரான லைனரைக் கீறிவிட்டு டர்போவுக்கும் போகும். பிஸ்டனின் பக்கவாட்டுக் கீழ்ப்பகுதியான ஸ்கர்ட்டுக்குக் கொடுக்கும் பூச்சு பற்றியும் ஒரு வார்த்தை: மாலிப்டினம் பூச்சின் மேல் மைக்ரோமீட்டர் வைத்து சிலிண்டரின் உள்விட்ட அளவை முடிவு செய்யாதீர்கள். பூச்சு தேய்ந்ததும் இடைவெளி கூடிவிடும். பூசுவதற்கு முன்பே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகினால் எந்தப் பூச்சும் நிற்காது, அதை முதலில் டெஸ்ட் பெஞ்சில் பாருங்கள்.