ஞாயிறு ராத்திரி வருகிற பள்ளிக்கூடச் செய்தி

தூத்துக்குடியில் எங்கள் தெருமுனை ஆர்.சி. தொடக்கப்பள்ளியில்தான் மகள் மூன்றாவது படிக்கிறாள். டீச்சர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, பெற்ற தாய் மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த வாரச் செய்தி வாட்ஸ்அப்பில் ஞாயிறு ராத்திரி ஒன்பதரைக்கு வந்தால் நான் என்னதான் செய்வது?

ஜூலை 26 பனிமய மாதா கோயிலில் கொடியேறிவிட்டால் ஆகஸ்ட் 5 திருவிழா வரைக்கும் ஊரே கோயிலில்தான் கிடக்கும். நாங்களும் பூசை முடிந்து, பிள்ளை தோளில் தூங்க, வீடு வந்து போனைப் பார்த்தால் 'நாளை அனைவரும் வெள்ளை உடையில் வரவும்'. வெள்ளைச் சட்டை ஈரமாகக் கொடியில் கிடக்கிறது. பதினொரு மணிக்கு இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்துத் தேய்த்தே காயவைத்தேன், காலர் ஓரம் தீய்ந்து மஞ்சளாகிவிட்டது.

அது போகட்டும். பக்கத்து வீட்டு அக்காவிடம் பட்டன் போன்தான், விடியுமுன்னே மீன் எடுக்கப் போய்விடுவார். அவர் பையன் மட்டும் கலர் சட்டையில் வரிசைக் கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பார்க்கவே பொறுக்கவில்லை.

முன்பெல்லாம் வெள்ளிக்கிழமையே டைரியில் எழுதி அனுப்புவார்கள். மறுபடி அப்படியே ரெண்டு வரி எழுதிவிடுங்கள் சிஸ்டர், போதும்.